என் குளத்து இறாலுக்குத் தடுப்பூசி போட முடியாதா, டாக்டர்?

நாகை மாவட்டக் கடலோரத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாமனாரும் கொழுந்தனாரும் துணையிருக்க, இவர் இரண்டு குளங்களில் வன்னாமி இறால் வளர்க்கிறார். முதல் குளத்தில் குஞ்சு விட்டு 42 நாள் ஆகிறது. ஒரு வாரமாக, தீவனம் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கிவைக்கும் செக் ட்ரேயைத் தூக்கும்போதெல்லாம் இரண்டு மூன்று செத்த இறால் கிடக்கிறது. உயிரோடு இருப்பவற்றின் ஓட்டிலும் வாலிலும் கறுப்புப் புள்ளிகள். குடல் பாதிதான் நிறைந்திருக்கிறது. ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்ததில் 'பச்சைக் காலனி அதிகம்' என்று சொல்லியிருக்கிறார்கள். தீவனக் கடைக்காரர் இரண்டு பொருள் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒன்று, 'இறால் வாக்சின்' என்று எழுதிய டப்பா. மற்றொன்று, எதுவுமே எழுதாத ஒரு பை வெள்ளைப் பொடி. இரண்டையும் உடனே தீவனத்தில் கலக்க வேண்டும் என்கிறார் கொழுந்தனார். 1995 வாக்கில் வெண்புள்ளி நோயில் புலி இறால் குளத்தை முழுதாகப் பறிகொடுத்த மாமனாரோ, எதையும் போடாதே, இருப்பதைப் பிடித்து விற்றுவிடு என்கிறார். நகைகள் அடகில் இருக்கின்றன.

"என் இரண்டு பிள்ளைகளுக்கும் நாள் தவறாமல் தடுப்பூசி போட்டேன். ஆட்டுக்குப் போடுகிறோம், கோழிக்குப் போடுகிறோம். இறாலுக்கு மட்டும் ஏன் முடியாது? போன முறை நோயில் தப்பிய நூறு இறாலைத் தொட்டியில் வைத்திருக்கிறேன். அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்குமே, அவற்றை இந்தக் குளத்தில் விடலாமா? கறுப்புப் புள்ளிதான் கிருமியா? வெள்ளைப் பொடியைப் போடலாமா?" என்று கேட்கிறார். கையெழுத்துக்கு மேலே கடைசியாக ஒரு வரி: "வேறு விசேஷம் ஒன்றும் இல்லை, ஒரு ஏரேட்டரின் மோட்டார் எரிந்து பத்து நாள் ஆகிறது, வைண்டிங் கொடுத்திருக்கிறோம்."

அன்புள்ள சகோதரிக்கு,

'வேறு விசேஷம் ஒன்றும் இல்லை' என்று நீங்கள் தொடங்கிய வரியில்தான் உங்கள் கடிதத்தின் முழு விசேஷமும் இருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்பு, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஒன்றை வாடகைக்காவது கொண்டுவந்து இன்றிரவே ஓட்டுங்கள். வெள்ளைப் பொடியைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டு மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

தடுப்பூசி பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆடு, கோழி மட்டுமல்ல, மீனுக்குக்கூடத் தடுப்பூசி இருக்கிறது. நார்வே நாட்டுச் சால்மன் பண்ணைகளில் மீன் ஒவ்வொன்றுக்கும் ஊசி போடுகிறார்கள்; அதன் பிறகு அங்கே ஆன்டிபயாடிக் பயன்பாடு பெருமளவு குறைந்தது. ஆனால் மீனுக்கு முதுகெலும்பு உண்டு. தடுப்பூசி வேலை செய்வது இரண்டு காரணங்களால். நம் உடம்பில் லிம்போசைட் என்ற அணுக்கள் இருக்கின்றன. அவை பார்த்த கிருமியின் வடிவத்துக்கேற்ப ஆன்டிபாடி செய்து வைத்துக்கொள்கின்றன, அதே கிருமி திரும்ப வந்தால் அடையாளம் கண்டு பாய்கின்றன. இறால், நண்டு, சிங்கி இறால் ஆகிய ஓட்டுடலிகளிடம் லிம்போசைட்டும் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. உங்கள் டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும், உங்கள் பிள்ளைகளின் உடம்பில் ஊசி செய்த வேலையை அது இறாலின் உடம்பில் செய்யாது.

அப்படியானால் கிருமி மொய்க்கும் சேற்றுத் தண்ணீரில் அது எப்படி இத்தனை நாள் உயிரோடு இருந்தது? இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மற்றக் கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இறால் எப்படிப் போராடுகிறது

முதல் காவல் ஓடு. வெளியே தெரியும் ஓடு மட்டுமல்ல, இரைப்பையின் உட்புறமும் குடலின் கடைசிப் பகுதியும்கூட மெல்லிய ஓட்டால் மூடப்பட்டவைதான். குடலின் நடுப்பகுதிக்கு மட்டும் அது இல்லை. ஓடு உரிக்கும் நாட்களில் இந்தக் காவல் தளர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் குளத்தில் மொத்தமாக ஓடு உரிப்பதையும், அந்த நாட்களில் சாவு கூடுவதையும் உங்கள் மாமனார் நிச்சயம் கவனித்திருப்பார்.

ஓட்டைத் தாண்டிக் கிருமி உள்ளே வந்தால் ரத்தம் எதிர்கொள்கிறது. இறாலின் ரத்தம் இளநீல நிறம் கொண்டது. நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அங்கே செம்பு செய்கிறது. அது குழாய்க்குள் மட்டும் ஓடாமல் உறுப்புகளை நேராக நனைத்துக்கொண்டு சுற்றுகிறது. அதனால் ஒரு கால் முறிந்தால்கூட ரத்தம் முழுவதும் வடிந்துவிடும் ஆபத்து உண்டு; அதைத் தடுக்க அது சட்டென்று உறைகிறது. உறையும்போது உள்ளே நுழைந்த கிருமியையும் சேர்த்துச் சிக்க வைக்கிறது.

ரத்தத்தில் மிதக்கும் அணுக்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். குருணை இல்லாதவை, கொஞ்சம் குருணை உள்ளவை, குருணை நிறைந்தவை. இரைப்பையின் முதுகுப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு திசுவில்தான் இவை பிறக்கின்றன. கிருமி சிறியதென்றால் விழுங்குகின்றன. கூட்டமாக வந்தால் சுற்றிச் சூழ்ந்து முடிச்சாகக் கட்டிவிடுகின்றன. ரத்த அணு கிருமியைத் தின்னும் என்ற உண்மையையே மனிதகுலம் ஓட்டுடலி வழியாகத்தான் நன்றாகக் கற்றது. ரஷ்ய அறிஞர் மெச்னிகாஃப் 1884-இல் டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஊசி போன்ற பூஞ்சை வித்துகள் குடலைத் துளைத்து உள்ளே வருவதையும், ரத்த அணுக்கள் அவற்றை மொய்த்துத் தின்பதையும் விவரித்து எழுதினார். அந்த உடலுக்குள் நடப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் நடப்பதுபோல வெளியே தெரியும். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் பெயர் வைத்து அழைக்காத அந்தப் பூச்சி உங்கள் இறாலின் தூரத்துப் பங்காளி.

குருணை அணுக்களுக்குள் ஆயுதங்கள் தயாராக இருக்கின்றன. கிருமியைத் துளைக்கும் சிறு புரதங்களைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1997-இல் பிரித்தெடுத்து 'பெனெய்டின்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பிரித்தெடுத்தது வேறெதிலிருந்தும் அல்ல, நீங்கள் வளர்க்கும் இதே வன்னாமி இறாலின் ரத்தத்திலிருந்துதான். இவை குறிப்பிட்ட ஒரு கிருமிக்கென்று செய்யப்பட்டவை அல்ல. பாக்டீரியாக்களின் மேலுறையில் பொதுவாக இருக்கும் சில பொருட்களை இறாலின் புரதங்கள் தொட்டு உணர்கின்றன. இது நம் பொருள் இல்லை, அந்நியப் பொருள் என்று தெரிந்தவுடன் ஒரு நொதி அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, கடைசியில் ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி விழித்துக்கொள்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கென்னத் சோடர்ஹாலும் அவர் குழுவினரும் நன்னீர்ச் சிங்கி இறால்களை வைத்துப் பல ஆண்டுகள் உழைத்து இந்தத் தொடரைப் படிப்படியாக விளக்கினார்கள். அந்த நொதி முதலில் கிருமிக்கு நஞ்சான வேதிப்பொருட்களையும், முடிவில் மெலனின் என்ற கறுப்பு நிறமியையும் உண்டாக்குகிறது.

எனவே, கறுப்புப் புள்ளி கிருமி அல்ல. கிருமியோ காயமோ உண்டான இடத்தில் இறால் போராடிப் போட்ட தழும்பு அது. புள்ளியைப் போக்க மருந்து கேட்காதீர்கள். அடுத்த முறை ஓடு உரிக்கும்போது மேலோட்டமான புள்ளிகள் ஓட்டோடு கழன்றுவிடும். ஆனால் இத்தனை இறாலுக்கு ஏன் இத்தனை காயம், ஏன் இந்தப் போராட்டம் என்று கேட்க வேண்டும். (அறுவடைக்குப் பிறகு ஐஸ் குறைந்தால் தலை கறுத்துப்போவதும் இதே நொதியின் வேலைதான். உயிர் போன பிறகும் அது வேலையை நிறுத்துவதில்லை. வியாபாரி விலையைக் குறைப்பதற்குக் காரணமும் அதுவே.)

எரிந்துபோன மோட்டார்

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

ஃபீனால் ஆக்சிடேஸ் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். அணு விழுங்கிய கிருமியைக் கொல்ல உள்ளே உண்டாக்கும் காரமான வேதிப்பொருட்களும் ஆக்சிஜனிலிருந்து வருபவைதான். அதாவது ஆக்சிஜன் இறாலுக்கு மூச்சு மட்டுமல்ல, ஆயுதத்துக்கான மூலப்பொருளும்கூட. நீல ரத்தத்தில் இருக்கும் ஹீமோசயனின் என்ற செம்புப் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தப் புரதத்தில் பெரும்பகுதி அதுதான். ஆக்சிஜனைச் சுமப்பது அதன் அன்றாட வேலை. தேவைப்பட்டால் அதுவே ஃபீனால் ஆக்சிடேஸ் போலவும் நடந்துகொள்ளும்; அதன் துண்டுகள் கிருமியைத் தாக்கவும் செய்யும்.

இதைவிடக் கொடுமையான இன்னொரு விஷயம் உண்டு. ரத்த அணுக்கள் கிருமிகளைக் கட்டிச் சேர்க்கும் முடிச்சுகள் போய்ச் சிக்கிக்கொள்ளும் இடங்களில் ஒன்று செவுள். நீல நண்டுக்கும் வன்னாமிக்கும் உவர்நீரில் வாழும் விப்ரியோ என்ற பாக்டீரியாவை ஊசியில் ஏற்றிப் பார்த்த ஆய்வுகளில், சிறிது நேரத்திலேயே அவை ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் அளவு குறைந்தது. கிருமியைப் பிடித்த முடிச்சுகள் செவுளின் நுண்வழிகளை அடைத்துவிடுவதே காரணம். கிருமியை எதிர்த்ததால் மூச்சு முட்டுகிறது. அந்த நேரத்தில் தண்ணீரிலும் ஆக்சிஜன் இல்லையென்றால் அது எங்கே போகும்?

பத்து நாள் முன்பு மோட்டார் எரிந்தது, ஏழு நாள் முன்பு சாவு தொடங்கியது. இதுதான் காரணம் என்று கடிதத்தைப் படித்து மட்டும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் சந்தேகம் முதலில் விழுவது அங்கேதான். இரவு முழுக்கப் பாசியும் இறாலும் சேறும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்ச, விடியுமுன் அது மிகக் குறைந்திருக்கும். நீங்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஆய்வகம் போனது காலை பத்து மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் வெயில் ஏறி, பாசி ஆக்சிஜனை வெளியிட்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டியிருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு அளந்து பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. 4-க்குக் கீழே இறங்க விடக்கூடாது. குளத்தின் அடியில், ஏரேட்டர் எட்டாத மூலையில் அளவு எடுக்க வேண்டும்.

பச்சைக் காலனியைப் பற்றி ஒரு வார்த்தை. காலனி என்பது ஆய்வகத் தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டு. விப்ரியோ வளர்க்கும் அந்தத் தட்டில் பச்சையும் மஞ்சளும் காட்டுவது, கிருமி சர்க்கரையைப் புளிக்க வைக்கிறதா என்பதை மட்டுமே. பச்சையில் கெட்டவை அதிகம் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் பச்சையெல்லாம் கொல்வதில்லை, மஞ்சளெல்லாம் சாதுவும் இல்லை. விப்ரியோ இல்லாத உவர்நீர்க் குளம் உலகத்தில் கிடையாது.

வெள்ளைப் பொடி

போடாதீர்கள். கொழுந்தனாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பெயரில்லாப் பொடி பெரும்பாலும் ஆன்டிபயாடிக்காக இருக்கும். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் உட்பட இறால் வளர்ப்பில் பயன்படுத்தக் கூடாதவை என்று பல மருந்துப் பொருட்களைக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் விதிகள் பட்டியலிட்டுள்ளன. உங்கள் பண்ணையின் பதிவு அந்த ஆணையத்திடம்தான் இருக்கிறது. மருந்தின் எச்சம் ஏற்றுமதிச் சோதனையில் தெரிந்தால் சரக்கு திரும்பும். அந்தப் பழி உங்கள் குளத்தோடு நிற்காது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய வளர்ப்பு இறால் சரக்குகளில் சோதிக்கும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியதற்குக் காரணம் இப்படிப்பட்ட எச்சங்கள்தான்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அது உதவாது. நோயுற்ற இறால் தீவனம் எடுப்பதில்லை. குடல் பாதி காலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மருந்தைத் தின்பது நலமாக இருக்கும் இறாலும், மீதி கரைந்து சேரும் குளத்துச் சேறும்தான். அங்கே மிஞ்சும் பாக்டீரியா அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கும். அடுத்த வளர்ப்பையும் நீங்கள் அதே குளத்தில்தான் செய்யப்போகிறீர்கள்.

'வாக்சின்' டப்பா அவ்வளவு ஆபத்தானதாக இருக்காது. அதில் பெரும்பாலும் ஈஸ்ட்டின் மேலுறையிலிருந்து எடுத்த பீட்டா குளூக்கான் இருக்கும். பூஞ்சை வந்துவிட்டது என்று இறாலை நம்பவைத்து அதன் காவலை உசுப்பிவிடுவதுதான் அது செய்யும் வேலை. கொஞ்ச நாளைக்கு எதிர்ப்பு கூடலாம், பிறகு தணிந்துவிடும். நோய் வருமுன் இடைவெளி விட்டுக் கொடுப்பதில் பொருள் உண்டு. ஏற்கெனவே போராடிக் களைத்து, ரத்த அணுக்கள் குறைந்துபோய், மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் இறாலை மேலும் உசுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போது வேண்டாம். இரண்டு பொருளுக்கும் கடைக்காரரிடம் பில் கேளுங்கள். பெயரில்லாத பொடிக்கு அவர் பில் தர மாட்டார். அதுவே உங்களுக்கு ஒரு தகவல். நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரையும் நுகர்வோராகவே கருதுகிறது என்பது தெரியும். பில் இல்லாமல் அங்கே பேச முடியாது.

தொட்டியில் இருக்கும் நூறு இறால்

அவற்றைக் குளத்தில் விடவே கூடாது. பிழைத்தது என்பதால் நோய் நீங்கியது என்று ஆகாது. இறால் கிருமியைச் சுமந்துகொண்டே வாழக்கூடியது. நீங்கள் காவலர்கள் என்று நினைத்து வைத்திருப்பவை நோயைக் கொண்டுவருபவையாக இருக்கலாம்.

அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்குமே என்ற உங்கள் ஊகத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். 2003-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் எங்கள் துறையை நிமிர்ந்து உட்கார வைத்தன. ஒன்றில், கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலி, முன்பு சந்தித்த நாடாப்புழுவின் உறவுப் புழுக்களை மற்றப் புழுக்களைவிட நன்றாக எதிர்த்தது. மற்றொன்றில், ஒரு வகை பாக்டீரியாவைச் சந்தித்த டாஃப்னியாத் தாயின் குஞ்சுகள் அதே வகையை நன்றாக எதிர்த்தன. ஆன்டிபாடி இல்லாமலே ஏதோ ஒரு நினைவு இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு காலம் நிற்கும், எந்தக் கிருமிக்கு எதிராக நிற்கும் என்று உங்களுக்கு உத்தரவாதம் தரும் நிலையில் யாரும் இல்லை. அடகு நகையை அதை நம்பி வைக்க முடியாது.

பொரிப்பகத்தில் 'எஸ்.பி.எஃப். குஞ்சு, நோயே வராது' என்றார்களாமே. அந்த மூன்றெழுத்துக்கு, பட்டியலிட்ட சில நோய்க்கிருமிகள் இல்லாத தாய் இறாலின் வழி வந்தது என்று மட்டுமே பொருள். உங்கள் குளத்துக் கிருமியை எதிர்க்கும் என்று பொருள் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஏரேட்டர் வந்ததும் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். தின்னாத தீவனம் அழுகி, ஆக்சிஜனைத் தின்று, விப்ரியோவை வளர்க்கும். செக் ட்ரே காலியாகத் தொடங்கிய பிறகு மெல்லக் கூட்டலாம்.

நாளைக் காலையே நோயுற்ற, ஆனால் உயிருள்ள இறால் பத்துப் பதினைந்தைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். செத்ததை அனுப்பினால், செத்த பிறகு வளர்ந்த கிருமிதான் தெரியும். நாகையிலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் சிபா என்று நாம் சொல்லும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வெண்புள்ளி வைரஸ், இ.எச்.பி. என்ற, செரிமானச் சுரப்பியைத் தாக்கும் ஒட்டுண்ணி, இ.எம்.எஸ். என்ற திடீர்ச் சாவு நோய் ஆகிய மூன்றுக்கும் பி.சி.ஆர். சோதனை கேளுங்கள். மூன்றாவதைக் கேட்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2009 வாக்கில் சீனாவில் தலைகாட்டி ஆசியாவைக் கலக்கிய அந்த நோயின் மூலத்தை அரிசோனாவில் டொனால்ட் லைட்னரின் குழு 2013-இல் கண்டுபிடித்தது. அது நஞ்சு சுரக்கும் ஒரு விப்ரியோ. அந்தக் கிருமி ரத்தத்துக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை. இரைப்பையில் தங்கிக்கொண்டு நஞ்சை மட்டும் அனுப்பும், நீங்கள் 'ஹெச்.பி.' என்று சொல்லும் அந்தச் செரிமானச் சுரப்பி சுருங்கி வெளுத்துச் சிதையும். மேலே நான் விவரித்த அணுக்களும் ஆயுதங்களும் அங்கே எதிரியைச் சந்திக்கவே போவதில்லை. அந்த நோய் பெரும்பாலும் முதல் ஒரு மாதத்தில், பெருஞ்சாவாக வருவது. உங்கள் குளத்தில் 42-ஆம் நாள், மெதுவான சாவு என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

முடிவு வெண்புள்ளி என்று வந்தால் மாமனார் சொல்வதுதான் சரி, அன்றே பிடித்துவிடுங்கள். தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேக்கி வைத்து, பக்கத்துப் பண்ணைக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். இ.எச்.பி. என்றால் இறால் சாவதைவிட வளராமல் நிற்கும். இருக்கும் அளவுக்கு விற்றுவிடுவதே செலவைக் குறைக்கும். மூன்றும் இல்லை, விப்ரியோ மட்டும்தான் என்றால் ஐந்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். நல்ல காற்று கிடைத்தபின் சாவு நாளுக்கு நாள் குறைந்தால் தொடருங்கள். குறையவில்லை என்றால் நகையை நினைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது குளத்துக்குத் தனி வலை, தனி வாளி வையுங்கள். இந்தக் குளத்தில் இறங்கிய காலோடு அங்கே போகாதீர்கள்.

இன்னொன்று. மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, காலில் ஆறாத புண்ணோடு குளத்தில் இறங்குகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உவர்நீரில் வாழும் விப்ரியோக்களில் ஒன்று மனிதரின் புண் வழியே ஏறிச் சில நாட்களில் உயிரை எடுக்கக்கூடியது. சர்க்கரை நோயாளிகளுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம். புண் ஆறும்வரை அவர் வரப்பிலேயே நின்று யோசனை சொல்லட்டும். கால் வீங்கிச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவமனைக்குப் போய், உப்புத் தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.